மத்தி மீன்: சத்து வீணாகாமல் வாங்குவது, கழுவுவது, சமைப்பது

எங்கள் ஊர் குளச்சல் பக்கம். அங்கே இந்த மீனுக்குச் சாளை என்று பேர். சென்னைக்கு வந்த பிறகுதான் மத்தி என்று கேட்டு வாங்கப் பழகினேன். கேரளத்தில் இரண்டு பேரும் புழங்கும். எந்தப் பேரில் கேட்டாலும் மீன் ஒன்றுதான்.

சின்ன மீன், முள் அதிகம், வீடெல்லாம் வாடை அடிக்கும் என்று இதை ஒதுக்குகிற வீடுகள் உண்டு. விருந்தாளி வந்தால் வஞ்சிரம், வீட்டுக்கு மட்டும் மத்தி என்பதும் உண்டு. ஒரு கிலோ வஞ்சிரத்துக்குக் கொடுக்கிற காசில் மூன்று நான்கு கிலோ மத்தி வாங்கலாம். ஆனால் விலை குறைவு என்பதால் சத்தும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு பக்கம், சத்து என்று கேள்விப்பட்டு ஆசையாக வாங்கி வந்து, தோலை உரித்து, நடுமுள்ளை எடுத்து, மிச்சச் சதையை எண்ணெயில் முங்கப் பொரித்து, குழம்பு வைத்தாலும் சாற்றைத் தட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். சதையில் புரதம் இருந்தாலும், மத்தியின் மற்ற சத்து நிறைய இருப்பது தோலுக்கு அடியில் உள்ள நெய்யிலும் (மீனின் கொழுப்பைத்தான் நெய் என்கிறேன்), முள்ளிலும், குழம்பில் இறங்கிய சாற்றிலும்தான். அந்த மூன்றையும் வயிற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

அமெரிக்க விவசாயத் துறையின் உணவுச் சத்துப் பட்டியலில் டப்பாவில் அடைத்த மத்திக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணெயை வடித்துவிட்டு, முள்ளோடு 100 கிராம் எடுத்தால் 208 கலோரி, புரதம் 24.6 கிராம், கொழுப்பு 11.5 கிராம், கால்சியம் 382 மில்லிகிராம், பாஸ்பரஸ் 490 மில்லிகிராம், இரும்பு 2.9 மில்லிகிராம், வைட்டமின் பி12 ஏறக்குறைய 9 மைக்ரோகிராம், வைட்டமின் டி 4.8 மைக்ரோகிராம். ஒமேகா-3 என்று சொல்கிறோமே, அதில் மீனில் நேரடியாகக் கிடைக்கிற இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து சுமார் 1 கிராம். அது அட்லாண்டிக் கடல் மத்தி, நம்முடையதற்குப் பங்காளி முறை. மேலும் அது வெந்த மீன். நம் பச்சை மீனில் தண்ணீர் கூடுதலாக இருப்பதால் புரதம் 100 கிராமுக்கு 18, 20 கிராம் வாக்கில் வரும். அதனால் இந்த எண்களை ஒரு மட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே நம் சட்டிக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மட்டத்துக்கு என்றாலும் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. 100 கிராம் மத்தியை முள்ளோடு தின்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. பாலில் இதே அளவு வேண்டுமென்றால் 300 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டும். பி12 ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். கை கால் மரத்துப் போகிறது என்று மருத்துவரிடம் போய் பி12 குறைவு என்று கேட்டு வருகிறவர்கள் இன்று எத்தனை பேர்! மீன் தின்கிற குடும்பத்தில் இருந்துகொண்டே அப்படி ஆவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆனால் அந்த கால்சியத்தில் பெரும்பகுதி முள்ளில் இருக்கிறது. முள்ளை எடுத்துப் போட்டால் அந்த 382 உங்களுக்கு இல்லை. இதை மறக்காமல் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

எப்போது வாங்குவது

மத்தியில் நெய் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் இது பெரும்பாலும் முட்டையிடும். முட்டையிட்ட மீன் வற்றிப்போய் இருக்கும். அதே மழைக்காலத்தில் மேற்குக் கரையில் கடலின் அடித்தண்ணீர் மேலே ஏறிவந்து, அதில் உள்ள உரத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகும். அதைத் தின்று மத்தி மறுபடி கொழுக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பிடிபடுகிற மீனை வெட்டினாலே தோலுக்கு அடியில் வெள்ளையாக நெய் தெரியும். மெலிந்த காலத்தில் 100 கிராமுக்கு 3, 4 கிராம் இருக்கும் கொழுப்பு, கொழுத்த காலத்தில் 15 கிராமையும் தாண்டும். ஒமேகா-3 அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. அதனால் ஒரே மீன், ஒரே விலை என்றாலும் மாசம் மாறினால் உங்களுக்குக் கிடைப்பது மாறிவிடும். ஊரில் மீன் விற்கிற அம்மா ஒருவர் கூடையை இறக்கும்போதே, “மக்ளே, இன்னைக்குச் சாளை நல்ல நெய்யாட்டு கெடக்கு, கொண்டு போ” என்பார். அந்தச் சொல்லை நம்பி ஒரு கிலோ கூடுதலாகவே வாங்கலாம்.

மழைக்காலத்து மெலிந்த மீனை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. புரதமும் முள்ளின் கால்சியமும் அப்போதும் இருக்கும். நெய்தான் குறைவு.

எதைப் பார்த்து வாங்குவது

கடையில் மத்தி என்று சொல்லிக் கவலை, சூடை என்கிற மீன்களைத் தள்ளிவிடுவது நடக்கும். அவையும் நல்ல மீன்கள்தான், மத்திக்குச் சொந்தம்தான், ஆனால் இந்த அளவு நெய் ஏறாது. மத்தி நீண்டு உருண்டு இருக்கும், தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரிசாகத் தெரியும், செவுள் மூடியின் பின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். மற்றவை பக்கவாட்டில் தட்டையாக, வயிற்று ஓரம் கையில் அறுக்கிற மாதிரி கூராக இருக்கும். வயிற்றின் அடியில் விரலை வாலிலிருந்து தலைப் பக்கமாக ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

புதுசா என்று பார்க்க எல்லோரும் செவுளைத் தூக்குவார்கள். சிவப்பாக இருக்க வேண்டும், சரி. மத்திக்கு நான் முதலில் பார்ப்பது வயிறு. இந்த மீன் சீக்கிரம் வயிறு வெடிக்கும் சாதி. குடலில் இரையோடு பிடிபட்ட மீனை ஐஸ் போடாமல் வைத்தால் அதன் செரிமான நீரே வயிற்றுச் சுவரை அரித்துவிடும். வயிறு கிழிந்து குடல் எட்டிப் பார்க்கிற மீன் கூடையில் நாலில் ஒன்று இருந்தாலும் அந்தக் கூடையை விட்டுவிடுங்கள். மீனைத் தலைப் பக்கம் பிடித்துக் கிடையாக நீட்டினால் வால் தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். கண் குழிந்திருக்கக் கூடாது. செதில் உதிர்ந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், மத்திக்கு வலையிலேயே செதில் கொட்டிவிடும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மத்தியை வாங்காதீர்கள். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கவே சட்டப்படி தடை. அங்கே 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்ட மீன், 2021-இல் வெறும் 3,297 டன்னுக்கு விழுந்தது. கடலில் சூடு, நீரோட்டம், இரை என்று காரணங்கள் பல இருந்தாலும், குஞ்சை அள்ளுவதும் அதில் சேர்ந்துகொள்கிறது. குஞ்சில் நெய்யும் இருக்காது.

கழுவுவது

கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைக்கு நாலு தேய்ப்பு தேய்த்தால் மிச்சச் செதில் போய்விடும். தோலை விட்டுவிடுங்கள். தோலுக்கு அடியில்தான் நெய் படிந்திருக்கிறது, உரித்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். செவுளுக்குப் பின்னால் பாதி வெட்டி, தலையை அப்படியே கீழ்நோக்கி இழுத்தால் குடலும் சேர்ந்து வரும். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து இந்த ஓர் இழுப்பில் ஒரு மீனை முடித்துவிடுவார். ஒரு கிலோவுக்கு இருபது மீன் வாக்கில் இருக்கும், கால் மணி நேரம்கூட ஆகாது. சினை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், எறியாதீர்கள், குழம்பில் கடைசியில் போடலாம்.

வயிற்றுக்குள் ஒரு கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கும். கசப்புக்கும் வாடைக்கும் அது ஒரு காரணம். கல்லுப்பு போட்டுக் கட்டைவிரலால் தேய்த்தால் வந்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் போதும். வாடை போகவேண்டும் என்று அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், அது வேண்டாம். தண்ணீரில் கரைகிற பி வைட்டமின்களும் உப்புச் சத்துகளும் அதில் கொஞ்சம் இறங்கும், சதையும் தொளதொளத்துப் போகும். ஒரு கொட்டைப் பாக்களவு புளியைக் கரைத்து ஊற்றிப் பிசறி, உடனே கழுவி எடுத்தால் வாடை அடங்கிவிடும்.

சமைப்பது

முதல் இடம் குழம்புக்கு. மத்தி வேகும்போது அதன் நெய் உருகி வெளியே வரும், ஆனால் சட்டியை விட்டு எங்கும் போகாது. இறக்கிவைத்து கொஞ்ச நேரம் கழித்து மேலே சிவப்பாக ஒரு படலம் மிதக்கும், பார்த்திருப்பீர்கள். நாம் ஊற்றிய தேங்காய் எண்ணெயோடு மீனின் நெய்யும் கலந்த படலம் அது. எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று கரண்டியால் வழித்து எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். மீன் விலை கொடுத்து வாங்கிய ஒமேகா-3 அதில்தான் இருக்கிறது. எண்ணெய் குறைய வேண்டுமென்றால் தாளிக்கும்போது குறையுங்கள், நெய் ஏறிய மத்திக்கு ஒரு தேக்கரண்டியே போதும்.

எங்கள் பக்கம் தேங்காய் அரைத்துப் புளி ஊற்றிப் புளிமுளம் வைப்பார்கள், மாங்காய் காலத்தில் மாங்காய் போட்டு அவியல் வைப்பார்கள். எப்படி வைத்தாலும் புளிப்பு ஒன்று இருக்கும். அந்தப் புளிப்புக்கு வேலை உண்டு. முள்ளைக் கொஞ்சம் இளக்கும், முள்ளில் உள்ள கால்சியத்தைக் கொஞ்சம் சாற்றுக்கு இழுக்கும். மசாலா கொதித்துப் பச்சை வாடை போன பிறகு மீனைப் போடுங்கள். கரண்டி போட்டுக் கிண்டாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிடுங்கள். பத்து நிமிடத்தில் வெந்துவிடும்.

முள்ளையும் சேர்த்துத் தின்ன வேண்டும் என்றால் குக்கர்தான் வழி. டப்பா மத்தியில் முள் மாவாக இருப்பதற்குக் காரணம் அழுத்தத்தில் வேகவைப்பது. அதையே வீட்டில் செய்யலாம். குக்கரின் அடியில் வாழையிலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை பரப்பி, மீனை வரிசையாக அடுக்குங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, உப்பு, கெட்டியான புளிக்கரைசல் ஒரு டம்ளர், நல்லெண்ணெய் இரண்டு கரண்டி. ஒரு விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். திறந்து ஒரு மீனை எடுத்து நடுமுள்ளை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள், சாக்பீஸ் மாதிரி பொடியாக வேண்டும். ஆகவில்லை என்றால் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து இன்னும் பத்து நிமிடம். பல் இல்லாத தாத்தா பாட்டிக்கும், முள் பயத்தில் மீனே தொடாத பிள்ளைக்கும் இதைப் பிசைந்து சோற்றோடு கொடுக்கலாம். சின்னக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை விரலால் நசுக்கித் தேடிப் பார்த்துவிடுங்கள்.

பொரித்த மத்தி ருசி, எனக்கும் பிடிக்கும். ஆனால் முங்கப் பொரிக்கும்போது மீனின் நெய் வாணலி எண்ணெய்க்குப் போகும், வாணலி எண்ணெய் மீனுக்குள் வரும். கொழுப்பில் கரைந்திருக்கும் ஒமேகா-3-உம் வைட்டமின் டி-யும் அந்த எண்ணெயோடு போய்விடும். அதனால் தோசைக்கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, நடுத்தரத் தீயில், இரண்டு பக்கமும் நாலு நாலு நிமிடம் வறுங்கள். மீனின் இரு பக்கமும் குறுக்கே கீறிவிட்டால் மசாலாவும் இறங்கும், சின்ன முள்ளும் அறுபட்டு மொறுமொறுப்பாகிவிடும். வாழையிலையில் சுற்றிச் சுட்டால் இன்னும் நல்லது, வடிந்த நெய் இலையிலேயே நிற்கும்.

மரவள்ளிக்கிழங்கோடு சாளை தின்பது எங்கள் ஊர்ப் பழக்கம், கேரளத்திலும் அப்படித்தான். ருசிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். மரவள்ளியில் மாவு நிறைய, புரதம் மிகக் கொஞ்சம். அதில் இயற்கையாகவே சயனைடு விஷம் உண்டாக்கும் பொருள் கொஞ்சம் உண்டு. நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பெரும்பகுதி போகும். மிச்சத்தை உடம்பு வெளியேற்றுவதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். அவை மீன் புரதத்தில் நன்றாக இருக்கின்றன. கிழங்கைத் தனியாகத் தின்னாதே, மீன் கூட்டித் தின்னு என்று ஆச்சி சொன்னதில் இத்தனை இருந்திருக்கிறது.

ஐஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் தெருவில் வந்த வண்டியில் மத்தி வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் என் மச்சினனுக்கு முகம், காது, கழுத்து எல்லாம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து மத்தி தின்று வளர்ந்தவருக்கு இது என்ன புது அலர்ஜி என்று பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினோம். அவர்தான் விளக்கினார். மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. மீன் நாறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவருக்கு ஊசி போட்டுச் சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் நல்ல மத்தி தின்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து ஐஸில் புதைத்து வைத்திருக்கும் மீனைத்தான் வாங்குகிறேன். காலையில் போகிறேன், கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுபோகிறேன், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் கேட்டு வாங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் கழுவி, சமைக்க நேரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். மசாலா தடவி மேடைமேல் இரண்டு மணி நேரம் ஊறவைக்கும் பழக்கத்தையும் விட்டாயிற்று, ஊறட்டும், ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும்.

யாருக்கு எவ்வளவு

வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு நாலு மீன் வாக்கில் என்பது பெரும்பாலானோருக்கு நல்ல அளவு. கர்ப்பிணிகள் மீனே தொடக் கூடாது என்று சில வீடுகளில் தடுக்கிறார்கள். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் டிஎச்ஏ தேவைப்படுகிற காலமே அதுதான். பாதரசம் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அது மற்ற மீன்களைத் தின்று பல வருஷம் வாழ்கிற பெரிய மீன்களில்தான் அதிகம் சேர்கிறது. மத்தி நுண்பாசி தின்று இரண்டு இரண்டரை வருஷம் வாழ்கிற மீன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் மத்தியின் பாதரச அளவு சராசரி 0.013 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 0.013 பங்கு. நம் வஞ்சிரத்தின் அமெரிக்கச் சொந்தமான ராஜா வஞ்சிரத்துக்கு 0.73. மத்தியைக் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மீன்களில் அவர்கள் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெரிய மீனை வேண்டாம் என்கிறார்கள்.

யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்கள் மத்தியைக் குறைக்க வேண்டும், உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் என்ற பொருள் இதில் அதிகம், வலி இருக்கும் நாட்களில் தொடவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பாஸ்பரஸ் காரணமாக மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், முக்கியமாக முள்ளோடு தின்பதை. ரத்த அழுத்தக்காரர்களுக்குப் பச்சை மத்தி நல்லது, சாளைக் கருவாடு அப்படி இல்லை. அதில் ஏறிய உப்பை எத்தனை தண்ணீரில் ஊறவைத்தாலும் முழுசாக எடுக்க முடியாது.

மிச்சத்தை வைப்பது

பச்சை மீனைக் கழுவி ஃபிரிட்ஜின் குளிர்ந்த தட்டில் மூடிவைத்தால் ஒரு நாள், அதற்கு மேல் வேண்டாம். ஃபிரீசரில் வைப்பதானால் ஒரு டப்பாவில் மீனை அடுக்கி, முங்கத் தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். நெய் உள்ள மீன் காற்றுப் பட்டால் ஃபிரீசரிலும் சிக்குவாடை அடித்து மஞ்சளாகும், பனிக்கட்டிக்குள் இருந்தால் காற்று படாது. அப்படியும் ஒரு மாசத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

குழம்பு மிஞ்சினால் ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலையில் எடுக்கும்போது மேலே நெய் உறைந்து நிற்கும், அதை ஓரத்தில் ஒதுக்காமல் அப்படியே சூடுகாட்டி நன்றாகக் கொதிக்கவிட்டு, பழைய சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.